மண்சட்டியைக் கவிழ்த்தது யார்?

அத்தியாயம் 5

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தது ஐந்தாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதை அவரிடம் சொல்லிக்காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஐந்து மாடி ஏறி வந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரி பண்றீங்க, உங்க வீட்டுக்கு வர்றவங்க மட்டும் மூச்சு வாங்கணுமா சார்?" என்றேன்.

"யாரும் வர்றதில்ல சார்," என்றார் அவர். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

அண்ணி என்னை முறைத்துவிட்டுக் கையிலிருந்த ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணி இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரித்தவர். தீப்பிடித்த கடைக்குள் ஒரு சுற்று நடந்தால் போதும், முதலில் பற்றியது துணியா முதலாளியின் ஆசையா என்று சொல்லிவிடுவார். நான் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்தவன். மூன்று வருடம் முன்பு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் தையல் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டோம். மூளை அவருடையது, வாய் என்னுடையது.

அன்று லீவு போட்டிருந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். டீ வந்தது. எனக்கு டம்ளரில், அண்ணிக்கு அளவுக் கோப்பையில். மெக்கானிக் குடிக்கவில்லை, வீட்டிலிருந்த பாத்திரம் அதோடு தீர்ந்துவிட்டது.

"பூதக்களம்னு ஒரு வீடியோ கேம் மேடம். அதுல எனக்குப் பேர் நத்தை," என்று ஆரம்பித்தார். "ஆளுக்கு ஆறு பூதம் கொண்டுவரணும். ஒவ்வொரு பூதத்துக்கும் நாலு வித்தை. மாத்தி மாத்தி மோதவிடணும்."

"கல்யாண வாழ்க்கை மாதிரி," என்றேன்.

"எனக்குத் தெரியாது சார்," என்றார். இந்த மனிதரிடம் ஜோக்கடிப்பது கிணற்றில் கல் போடுவது மாதிரி. சத்தம் வர நேரமாகிறது, வந்தாலும் மனதைப் பிசைகிறது.

மேஜைமேல் சர்க்கரை டப்பாவை வைத்தார். "இது நெருப்புப் பருந்து. இந்த சீசன்ல நூறு பேர்ல எண்பது பேர்கிட்ட இருக்கு. எல்லாரும் வேகத்தை நம்பியே ஆடறாங்க. யார் முதல்ல அடிக்கிறாங்களோ அவங்களுக்கு ஆட்டம்." பக்கத்தில் காலி சோப்பு டப்பாவை வைத்தார். "இது மண்சட்டி. கால் முளைச்ச சட்டி. ஆட்டத்துலயே மந்தமான பூதம். யாரும் தொடக்கூட மாட்டாங்க."

"அப்புறம் அது எதுக்கு?"

"அதுக்குத் தலைகீழ்னு ஒரு வித்தை இருக்கு மேடம். அதைப் போட்டா அஞ்சு சுற்றுக்கு வேகம் திருப்பிக்கும். யார் மந்தமோ அவங்க முதல்ல அடிப்பாங்க."

அண்ணி சோப்பு டப்பாவை எடுத்து சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் வைத்தார். "எல்லாரும் வேகமா இருக்கற வருஷத்துல, எல்லாரும் கடைசி."

"அதேதான் மேடம். அதைக் கண்டுபிடிச்சது பாலம்."

பாலம் என்பது இன்னொரு ஆட்டக்காரரின் பட்டப்பெயர். ஆறு வருடமாக இருவரும் தினமும் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை சேர்ந்து பழகுகிறார்கள். நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. திரையில் எழுதிக்கொள்வதோடு சரி.

"ஆணா, பொண்ணா?" என்றேன்.

"கேட்டதில்ல சார்."

"ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"கேக்கணும்னு தோணல. அவங்களுக்கு மழைக்காலத்துல இருமல் வரும். அசதியா இருந்தா மெதுவா டைப் பண்ணுவாங்க. அதெல்லாம் தெரியும்."

நாலு மாதம் இருவரும் மண்சட்டியை வைத்துப் பழகினார்கள். ஆட்டத்துக்குள்ளேயே பூட்டுப் போட்ட தனி அறை உண்டு, அதற்குள் யார் நுழைந்தாலும் திரையில் பெயர் விழுந்துவிடும். இவர்கள் பெயரைத் தவிர வேறு பெயர் விழவில்லை. வருடத்துக்கொரு முறை நடக்கும் பெரிய போட்டிக்கு பாலம் முதல் தடவையாகத் தகுதி பெற்றிருந்தார். யாருக்கு யார் எதிரி என்பதை ஒரு வாரம் முன்பே அறிவித்துவிடுவார்களாம். பாலத்துக்கு எதிரி ஊசி என்ற பட்டப்பெயர் கொண்ட பெண்மணி. போட்டி இந்த மாதம் ஆறாம் தேதி நடந்தது.

"முதல் சுற்றுலயே ஊசியோட பனிக்கரடி வாய்ப்பூட்டு போட்டுடுச்சு," என்றார் மெக்கானிக். "அது ஒரு வித்தை. அதைப் போட்டா எதிராளி அடிக்க மட்டும்தான் முடியும், வேற எந்த வித்தையும் பண்ண முடியாது. தலைகீழ் அப்படியே வாயில நின்னுபோச்சு. நாலு நிமிஷத்துல ஆட்டம் முடிஞ்சுது."

"வாய்ப்பூட்டு எல்லாரும் வச்சிருக்கறதுதானே?"

"இந்த சீசன்ல ஒருத்தரும் வைக்கல மேடம். இருக்கறது நாலே இடம். அடிதடி ஆட்டத்துல அதுக்கு ஒரு இடம் கொடுத்தா அது வீண்."

"வெயில் காலத்துல ரெயின்கோட் போட்டுக்கிட்டு வந்த மாதிரி," என்றேன்.

"ஆமா சார். மழை வரும்னு தெரிஞ்சவங்கதான் போட்டுக்கிட்டு வருவாங்க."

போனை நீட்டினார். பாலத்திடமிருந்து வந்த கடைசிச் செய்தி அதில் இருந்தது. 'இது ரெண்டு பேருக்குத்தான் தெரியும் . நான் யார்கிட்டயும் சொல்லல .' அதற்குப் பிறகு இவரை முடக்கிவிட்டிருந்தார். இருபத்துநாலு நாளாக இவர் எழுதுவது எதுவும் போய்ச் சேரவில்லை.

"நான் சொல்லலைன்னு நிரூபிச்சுக் கொடுங்க மேடம்," என்றார் மெக்கானிக். "வேலை முடிச்சு ஆறரைக்கு வந்துடறேன். ஏழு மணி ஆகுது, எட்டு மணி ஆகுது, என்ன பண்றதுன்னு தெரியல. எனக்கு அந்த ஏழு மணி திரும்ப வேணும்."

அண்ணி போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நிரூபிச்சாலும் அவங்களுக்கு எப்படித் தெரிவிப்பீங்க?" என்றார்.

"மாசாமாசம் ஒண்ணாம் தேதி மதியம் நான் ஒரு பட்டியல் போடுவேன். எந்தப் பூதம் வளருது, எதைப் பார்த்துப் பயப்படணும், எப்படி சமாளிக்கணும்னு முப்பது பூதத்தைப் பத்தி எழுதுவேன். நாலாயிரம் பேர் படிக்கறாங்க. பாலம் கோபத்துல இருந்தாலும் அதைப் படிப்பாங்க. நாளைக்கு ஒண்ணாம் தேதி."

"இந்த ரூமுக்குக் கடைசியா வந்தது யாரு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நீங்கதான்," என்றார்.

"அதுக்கு முன்னாடி?"

"போன வருஷம் ஒரு பிளம்பர்."

பிளம்பர் மேல் சந்தேகப்பட நான் தயாராகத்தான் இருந்தேன். அண்ணி எழுந்துவிட்டார். "ரெயின்கோட் போட்டவங்களையே கேட்டுடலாம் வா," என்றார்.

*

ஊசிக்குக் கண்ணாடிக் கடை என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். ஸ்கூட்டரில் நாற்பது நிமிடம். அண்ணி ஓட்டினால் நாற்பது நிமிடம், மற்றவர்கள் ஓட்டினால் பதினைந்து. வழியில் எங்களை ஒரு சைக்கிள் முந்தியது. அதை ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்பது போல் தலையாட்டிவிட்டுப் போனார். இதை அண்ணியிடம் சொன்னேன். நெற்றிக்குக் கீழே இறங்கிய ஹெல்மெட்டை ஒரு கையால் மேலே தள்ளிவிட்டு, "இறங்கி நடந்து வா," என்றார்.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி.

"ரெண்டு மாடியும் நல்லா ஓடுதா மேடம்?" என்றேன்.

"கீழ் மாடி படிக்க, மேல் மாடி உங்களை மாதிரி ஆட்களைத் தூரத்துலயே அடையாளம் கண்டுக்க," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அண்ணி கண் பரிசோதிக்க வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரிலிருந்த அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். அடுத்து, கையில் பிடித்துப் படிக்க ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார் கடைக்கார அம்மா. வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போனது.

"மண்சட்டி: செடி நட உதவும்," என்று படித்தார் அண்ணி. "மண்சட்டி: இந்த மாதமும் உயிரோடு இருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை. மண்சட்டி: எதிரி இதைப் பார்த்ததும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே ஜெயிப்பார்." கடைசி வரிக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மண்சட்டி: காலி. உள்ளேயும்தான்," என்று நான் படித்து முடித்தேன்.

"வெறும் எழுத்தைக் கொடுத்தா ஜனங்க சலிச்சுக்கிட்டே படிக்கறாங்க," என்றார் அந்த அம்மா. "இதைக் கொடுத்தா சிரிச்சுக்கிட்டே படிப்பாங்க. நத்தைன்னு ஒருத்தர் எழுதறது. மாசம் ஒரு பட்டியல், அதுக்கடியில மண்சட்டிக்கு ஒரு வரி. அஞ்சாறு வருஷமா சேர்த்து வச்சிருக்கேன். மதியம் சாப்பிடறப்போ கடையில நான் ஒருத்திதான். அதைப் படிச்சா எதிர்ல யாரோ உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கும்."

அண்ணி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்கதான் ஊசி. பாலம் மண்சட்டி கொண்டுவருவாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அந்த அம்மா அதிரவில்லை. தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "யாரும் சொல்லல."

"வாய்ப்பூட்டை எப்போ சேர்த்தீங்க?"

"ஒண்ணாம் தேதி மதியம். சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ."

"எப்படித் தோணிச்சு?"

"அதைச் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷமும் நான் ஆடணும். எதிராளியைப் படிக்கறது என் வித்தை."

"நத்தைதான் சொன்னார்னு அவர்மேல பழி வந்திருக்கு. கூட இருந்த ஒரே சிநேகிதமும் போச்சு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். "அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. வேணும்னா எழுதியே தர்றேன்," என்றார். அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை.

கிளம்பும்போது அண்ணியிடம், "தூரப்பார்வை பிரமாதம். கிட்டத்துல இருக்கறதுதான் உங்களுக்குத் தெரியல," என்றார்.

*

மூன்றாவது சிக்னலுக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. அண்ணி கடைசி நொடியில் பிரேக் பிடித்தார். என் மூக்கு அண்ணியின் ஹெல்மெட்டில் மோதியது. வண்டியை ஓரம் கட்டினார். நான் மூக்கைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன்.

"தம்பி, இப்போ இடிச்சிருப்பேன்."

"ஆமாம் அண்ணி."

"ஏன் தெரியுமா? ஹெல்மெட் இறங்கிக் கண்ணை மறைச்சிடுச்சு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகிற பஸ்களைப் பார்த்தேன்.

"நான் வண்டி ஓட்டறதைக் கிண்டல் பண்றே. என் கைப்பையை, என் கையெழுத்தை, நான் போன்ல பேசறதை எல்லாத்தையும் கிண்டல் பண்ணியாச்சு. மூணு வருஷமா என் தலையில இது குடம் கவிழ்த்த மாதிரி ஆடிக்கிட்டிருக்கு. இதைப்பத்தி மட்டும் நீ வாயே திறந்ததில்ல."

"அது அண்ணனோடது," என்றேன்.

"தெரியும். நம்மளைத் தெரியாத ஆள்கூட ஒரு வாரம் உன் பேச்சைக் கேட்டா போதும், இது யாரோ வேண்டியவங்களோடதுன்னு கண்டுபிடிச்சிடலாம். நீ எதைக் கிண்டல் பண்ணலையோ..." என்றவர் பாதியில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். "போனை எடு. நத்தையோட இந்த மாசப் பட்டியல். கடைசி வரியைப் படி."

எடுத்தேன். "முப்பது: மரவட்டை. விஷம் வைக்கும், ஜாக்கிரதை."

"அதுக்குக் கீழே?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"போன மாசம்?"

"மண்சட்டி: மழை பெய்தால் தண்ணீர் பிடிக்கலாம்." அதற்கு முந்தைய மாதத்திலும் ஒரு வரி இருந்தது. அதற்கு முந்தையதிலும். பின்னால் போகப் போக, எல்லா மாதத்திலும் இருந்தது. இந்த மாதம் மட்டும் மரவட்டையோடு பட்டியல் முடிந்துவிட்டது.

அண்ணி கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டார். "ஒரே கேள்வி. ஒண்ணாம் தேதி மதியம் சிரிக்கறதுக்குக் காத்துக்கிட்டிருந்தீங்க. சிரிக்க ஒண்ணும் வரல. சரியா?"

பிறகு அந்த அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. "எல்லாம் வேகமான பூதமா இருக்கற சீசன். அதுல மந்தமான ஒண்ணை மட்டும் அவர் திடீர்னு கிண்டல் பண்ணல. அப்போ அவருக்கு வேண்டியவங்க யாரோ அதை எடுத்திருக்காங்க. அவருக்கு வேண்டியவங்க பாலம்னு ஆடறவங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு எதிர்ல பாலம்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு எனக்கும் சாப்பாடு இறங்கலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

*

மறுபடியும் ஐந்து மாடி. இந்த முறை நான் லிஃப்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அண்ணி எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். மெக்கானிக் சோப்பு டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"போட்டிக்கு முந்தின வாரம் பாலம் பயந்துபோய் இருந்தாங்க," என்றார் கடைசியில். "மண்சட்டியைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்களான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வரியை எழுத உட்கார்ந்தா எனக்குக் கை ஓடல. இல்லாட்டா யார் கவனிக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்." டப்பாவை மேஜைமேல் வைத்தார். "அப்போ நான்தான்."

தான் செய்யவில்லை என்று நிரூபிக்க எங்களைக் கூப்பிட்ட மனிதர், தான்தான் செய்தது என்று தெரிந்துகொண்டு நின்றார். துப்பறிவதில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லலைன்னு ஊசி எழுதித் தர்றேன்னாங்க," என்றேன். "அதை மட்டும் நாளைக்குப் போடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மணி ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. தன்னையறியாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் இரண்டு பெயருக்கு இடமிருந்தது, ஒன்றில் நத்தை என்று இருந்தது.

"பாலம் தோத்ததுக்கு நான் காரணமா இல்லையான்னுதான் அவங்களுக்குத் தெரியணும் சார்," என்றார். "நான்தான் காரணம். அதை மறைச்சு அவங்க திரும்பி வந்தா, தினமும் ஏழு மணிக்கு நான் எப்படி உட்காருவேன்?"

அண்ணி அவர் தோளைத் தட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அளவுக் கோப்பையைக் கழுவி அவருக்கு டீ போட்டு வைத்தார். நாங்கள் கிளம்பும்போது அவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குப் பட்டியல் வந்தது. முப்பது பூதங்களைத் தாண்டிக் கீழே போனேன். அண்ணிக்காகச் சத்தமாகப் படித்தேன்.

'மண்சட்டி: போன மாதம் இந்த இடத்தில் ஒரு வரி இல்லை. எல்லாரும் சிரிப்பார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார், அதனால் என்னால் சிரிக்க முடியவில்லை. நான் சிரிக்காததைப் பார்த்து எதிரி புரிந்துகொண்டார். வேறு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. தவறு என்னுடையது. ஏழு மணிக்கு அறை திறந்திருக்கும்.'

அன்று ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மெக்கானிக் தினமும் ஒன்பது மணிக்கு எனக்குப் போன் பண்ணி, "இன்னிக்கும் இல்ல சார்," என்பார். நான் ஏதாவது உளறுவேன், அவர் மரியாதைக்குச் சிரிப்பார்.

நாலாம் நாள் பகலிலேயே போன் வந்தது. ஏதோ லிஃப்டின் குழிக்குள் நின்று பேசினார், குரல் எதிரொலித்தது. பட்டியலுக்குக் கீழே யாரோ புதிதாக ஒரு பின்னூட்டம் போட்டிருக்கிறார்களாம். பெயர் இல்லை.

"படிக்கறேன் சார். 'மண்சட்டி: செடி நட உதவும்.' அவ்வளவுதான். மறுபடி படிக்கட்டுமா?"

மூன்று தடவை படித்தார்.

"பாலம்தானா?"

"முற்றுப்புள்ளிக்கு முன்னாடி ஒரு இடம் விட்டிருக்கு சார். அது அவங்க பழக்கம். நான் ஆறு வருஷமா பார்க்கறேன்."

"அப்போ இன்னிக்கு ஏழு மணிக்கு வருவாங்களா?"

"தெரியல சார். ஆனா இன்னொரு டம்ளர் வாங்கலாம்னு இருக்கேன்," என்றார். ஆறு வருடமாகப் பார்க்காத ஆளுக்கு டம்ளர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணியோடு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஹெல்மெட் வழக்கம்போல இறங்கியது, அண்ணி வழக்கம்போல மேலே தள்ளினார். மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதை வெளியே விட்டேன்.

"அண்ணி, அந்த ஹெல்மெட்ல ஒரு செடி நடலாம்."

ஒரு சிக்னல் போயிற்று, இன்னொன்று போயிற்று. ஹெல்மெட் இறங்கி முகத்தை மறைத்திருந்தது. முன்னால் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கக்கூடாதோ என்று பயமாக இருந்தது.

மூன்றாவது சிக்னலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டை மேலே தள்ளிவிட்டு அண்ணி சொன்னார்: "உங்க அண்ணனுக்கு மண்டை பெருசு, தம்பி."